கூண்டுக்கு ஊற்றாத தண்ணீர்

சுரங்கத்தில் என் வேலை தண்ணீர் அடிப்பது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். கரி வெட்டுகிற இடத்தில் தண்ணீருக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. நாங்கள் லிக்னைட் என்போம், அல்லது வெறுமனே கரி என்போம். அதை வெட்டிக் குவித்து வெயிலும் காற்றும் பட விட்டால் தானாகவே உள்ளுக்குள் சூடேறும். யாரும் தீக்குச்சி கிழிக்க வேண்டாம். முதலில் லேசாக ஒரு வாடை வரும், பிறகு நூல் மாதிரி புகை வரும், அதையும் கவனிக்காவிட்டால் உள்ளே சிவந்துவிடும். அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்ள ஒரு கேங் இருந்தது. ஹோஸ் பைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் கரியை நனைத்துக்கொண்டே நடக்க வேண்டும். அறுபதுகளின் நடுவில் நான் அந்த கேங்கில் இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியத்தைப் படித்துவிட்டு, பாவம், தெரியாமல் செய்திருப்பான் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். என் மனைவி இரண்டு தடவை முழுகாமல் இருந்தாள். இரண்டு தடவையும் ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. இரண்டாவது தடவை போனபோது நான் செகண்ட் ஷிப்டில் இருந்தேன். பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மாதான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். மறுநாள் லேடி டாக்டர் என்னை வராந்தாவில் நிற்கவைத்துப் பேசினார். உடம்பில் ரத்தமே இல்லை என்றார். பால், கீரை, தினமும் ஒரு முட்டை, ஒரு நாளும் விடக்கூடாது என்றார்.

“டூட்டி இருந்துச்சு, கடைக்குப் போக முடியலன்னு எங்கிட்ட வந்து சொல்லாதீங்க.”

நான் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். முட்டைக்கு மந்தாரக்குப்பம் போக வேண்டும். ஷிப்டு முடிந்து வந்தவனுக்கு மறுபடி சைக்கிளை மிதிக்கக் கால் வராது. அப்படியே போய் வாங்கி வந்தாலும் தண்ணீரில் போட்டால் பாதி மிதக்கும். அழுகினதை எடுத்துப் போட்டுவிட்டு அவள் மிச்சத்தை எண்ணிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும், யார் மேல் என்று தெரியாத எரிச்சல். அதனால் கோழி வளர்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். கோழி இருந்தால் முட்டை காலடியில் கிடக்கும் என்று நினைத்தேன். அது கோழி வளர்த்துப் பார்க்காதவனின் நினைப்பு.

கூண்டு கட்ட எதையும் புதிதாக வாங்கவில்லை. சுரங்கத்துக் கழிவுச் சாமான் கிடங்கிலிருந்து கேட் பாஸ் எழுதி வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்தேன். வெளிநாட்டிலிருந்து மெஷின்கள் வந்த பெட்டிகளின் பலகைகள் கிடைத்தன, நல்ல கெட்டிப் பலகை. அவற்றின் மேல் எங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் என்னென்னவோ அச்சடித்திருந்தது. கரி சலிக்கிற சல்லடையின் கிழிந்த கம்பிவலை கிடைத்தது. கேபிள் சுற்றி வந்த பெரிய மர உருளையின் வட்டப் பலகை ஒன்றைக் கதவாக்கினேன். அது வட்டமாக இருந்ததால் சதுர வாசலில் இரண்டு பக்கமும் இடுக்கு விட்டது. அதை அடைக்கத் தார் டின்னைப் பிளந்து தட்டி வைத்தேன். கூரைக்குக் கன்வேயர் பெல்ட். கரி ஓடித் தேய்ந்து கழித்துப் போட்ட ரப்பர் பெல்ட், விரல் தடிமன், உள்ளே துணி வைத்துத் தைத்தது. அதை அறுக்க ரம்பத்தில் சோப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டே இழுக்க வேண்டும். ஒரு முழம் அறுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். அறுத்து மிஞ்சின துண்டுகளை ஆணியடித்துக் கதவுக்குக் கீலாக வைத்தேன்.

எல்லாவற்றையும்விட ஆணி பிடுங்குவதுதான் உயிரை வாங்கியது. பெட்டிப் பலகைகளில் விரல் நீள ஆணிகள். பிடுங்கினால் எல்லாமே வளைந்து வரும். அவற்றை அம்மி மேல் வைத்துத் தட்டி நிமிர்த்தினேன். “அம்மிய கொத்து வுட்டு ஒரு மாசம் ஆவல, குழி குழியா ஆக்கிப்புட்டீங்களே, நான் எதுல அரைக்கறது?” என்று அவள் கேட்டாள். நான் அடுத்த ஆணியை எடுத்து அம்மி மேல் வைத்தேன். பதில் சொல்கிற தெம்பு அந்த வருஷம் முழுக்க எனக்கு இல்லை. ஷிப்டு மாறும்போதெல்லாம் உடம்புக்குப் பகல் எது ராத்திரி எது என்று குழப்பம் வரும். உட்கார்ந்தால் கண் சொருகும், படுத்தால் தூக்கம் வராது. எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். யார் வீட்டிலாவது ஒருவர் தூங்கிக்கொண்டே இருப்பார். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஆள் தூங்கினால் வாசற்கதவின் கொண்டியில் ஒரு துண்டைக் கட்டித் தொங்கவிடுவோம். துண்டு தொங்கினால் அந்த வீட்டுப் பக்கம் யாரும் சத்தம் போட மாட்டார்கள், தயிர்க்காரிகூடக் கூவாமல் கடந்து போவாள். துண்டு பார்த்துத் துண்டு பார்த்து ஆணியடித்ததில் ஒரு வாரத்து வேலை இரண்டு மாதம் இழுத்தது.

ஐப்பசியில் கோழிகள் வந்தன. அரசாங்கப் பண்ணையில் வாங்கின வெள்ளைக் கோழி ஐந்து, கம்மாபுரத்துப் பக்கமிருந்து வந்த நாட்டுக்கோழி ஒன்று. கூடவே மழையும் வந்தது. கூரை ஒழுகவில்லை, அந்தப் பெருமை எனக்கு இன்னமும் உண்டு. ஆனால் கீழே தரை ஊறிச் சேறாகி, எச்சமும் சேர்ந்து நாறியது. கோழிகள் தும்ம ஆரம்பித்தன. மணல் கொட்டினேன், அதுவும் ஊறியது. மரத்தூள் கேட்டேன், கிடைக்கவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

அடுப்புக்கு நாங்கள் கரிதான் எரித்தோம். காய்ந்த லிக்னைட் தானாகப் பொடிந்து உதிரும். கட்டியை அடுப்புக்கு எடுத்த பிறகு மூலையில் தூள் குவிந்து கிடக்கும், அதை என்ன செய்வதென்று தெரியாது. அந்தத் தூளைக் கூண்டில் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினேன். ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டது. நாற்றம் போயிற்று. கோழிகள் அதில் புரண்டு குளித்தன, பேனும் போயிற்று. வாராவாரம் மேலே புதுத்தூள் போட்டால் போதும், அள்ளிக் கொட்டுகிற வேலை இல்லை. சாரல் உள்ளே அடிக்காமல் இருக்கக் கூண்டின் மேற்குச் சுவர் ஓரமாக முழங்கால் உயரத்துக்கு அதே தூளை வரப்பு மாதிரி அணைத்து, மேலே மிச்சமிருந்த பெல்ட்டைப் போட்டு மூடினேன். எங்கள் கேங்கில் சொன்னபோது எல்லோரும் நல்ல ஐடியா என்றார்கள். தினமும் கரிக்குத் தண்ணீர் அடிக்கிற பத்துப் பேர், அதில் ஒருவருக்குக்கூட உறைக்கவில்லை. அவர்களும் என்னை மாதிரியே களைத்துப்போனவர்கள்.

இரண்டே நாளில் வெள்ளைக் கோழிகள் கறுத்துவிட்டன. நாட்டுக்கோழி எது, பண்ணைக் கோழி எது என்று கொண்டையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பவர் ஹவுசில் எலக்ட்ரீஷியனாக இருந்த பக்கத்து வீட்டுக்காரர் வேலி மேலாக எட்டிப் பார்த்து, “ஒங்க கோழிங்க எந்த ஷிப்டு? முகம்கூட கழுவாம வந்து படுத்திருக்கே!” என்றார். என் மனைவி சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து வெகு நாளாகியிருந்தது. அந்தச் சிரிப்புக்காகவாவது கூண்டு கட்டினது தகும் என்று அப்போது தோன்றியது.

முட்டையும் கறுப்புத் தடம் பதிந்துதான் வந்தது. அவள் அதைக் கழுவி, பாதி வேகவைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள். அவளுக்கு முட்டை வாடை ஆகாது. “மருந்துன்னு நெனச்சிக்கினு முழுங்கறேன்” என்பாள். கார்த்திகை, மார்கழி, ஒரு நாள் விடவில்லை. தையில் அவளுக்கு நாள் தள்ளியது.

லேடி டாக்டர் இந்தத் தடவை அவளையே முன்னால் உட்காரவைத்துச் சொன்னார். “கனமா எதையும் தூக்கக் கூடாது. தண்ணிக்கொடம் தொடக் கூடாது. என்ன ஆனாலும் சரி. புரியுதா?” அவள் தலையாட்டினாள். அவள் சும்மா தலையாட்டுகிற பெண் இல்லை என்பது எனக்கு அப்போது முழுசாகத் தெரியாது. வெளியே வந்ததும் நானும் என் பங்குக்கு, “காதுல விழுந்துச்சா? கொடத்த தொட்டன்னு தெரிஞ்சா நான் மனுசனா இருக்க மாட்டேன்” என்று அதட்டினேன்.

அன்றிலிருந்து வீட்டுத் தண்ணீரும் என் தலையில் விழுந்தது. வேலையில் தண்ணீர், வீட்டுக்கு வந்தால் தண்ணீர். கொல்லைக் குழாயில் இரண்டு பித்தளைக் குடம், ஒரு டிரம், அண்டா எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிட்டுத்தான் படுப்பேன். முணுமுணுத்துக்கொண்டுதான் செய்தேன், அதையும் மறைக்க வேண்டாம்.

மாசி, பங்குனி போயிற்று. சித்திரையில் வெயில் ஏறியது. அவளுக்கு ஐந்தாம் மாதம். நாங்கள் இரண்டு பேரும் அந்த மாதத்தைப் பற்றி வாய் திறந்து பேசவே இல்லை. நாள்காட்டியில் தாள் கிழிப்பதைக்கூட அவள் நான் பார்க்காதபோது செய்தாள்.

அந்த மாதத்தில்தான் அவள் முதல் தடவை சொன்னாள். “கோழி கொட்டாயில தரை சுடுதுங்க.”

“சித்திரையில எந்தத் தரை சுடல?” என்றேன்.

நாலைந்து நாள் கழித்து மறுபடி சொன்னாள். “கோழிங்க உள்ள போவ மாட்டேங்குது. முட்டைய பப்பாளி மரத்தடியில இட்டுக்கினு இருக்கு.” கூரை கறுப்பு ரப்பர், வெயிலுக்குக் கொதிக்கத்தான் செய்யும் என்று நினைத்தேன். மேலே கீற்று போட்டால் சரியாகிவிடும், அதற்கு ஒரு நாள் லீவு கிடைக்க வேண்டும். “குனிஞ்சி குனிஞ்சி உள்ள பாக்காத” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

மூன்றாவது தடவை நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள். “கொல்லையில ஒரு வாடை வருதுங்க. ஒங்க சட்டையில வருமே, அந்த மாதிரி.”

“அப்போ எஞ்சட்டைதான். தோச்சிப் போடு” என்றேன்.

அந்த வாடையைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். சுரங்கத்தில் அரை பர்லாங் தள்ளி வந்தாலும் பிடித்துவிடுவேன். வீட்டுக் கொல்லையில், பத்தடியில், எனக்கு வரவில்லை. மூக்கையும் ஹோஸ் பைப்போடு சேர்த்துச் சுருட்டி வைத்துவிட்டு வருகிறவனாக இருந்தேன் போலிருக்கிறது.

அதற்கு இரண்டு நாள் கழித்து பர்ஸ்ட் ஷிப்டு முடிந்து வந்தேன். மதியம் மூன்று மணி இருக்கும். தெருமுனையிலேயே புகை தெரிந்தது. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு வீட்டைச் சுற்றிக் கொல்லைக்கு ஓடினேன். மேற்குச் சுவர் ஓரம் நான் அணைத்து வைத்த தூள் முழுக்கக் கனிந்து சிவந்திருந்தது. பலகைகள் பற்றிக்கொண்டு எரிந்தன. அந்தப் புரியாத எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கருகின. ரப்பர் உருகிக் கறுப்பாகச் சொட்டியது. கூண்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் வெறும் மணல், அதனால் வீட்டுக்கு ஆபத்து இல்லை.

அவள் கொல்லைக் கதவுப் படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், காலையில் நான் நிரப்பி வைத்த இரண்டு குடமும் வாய்வரை நிறைந்தபடியே இருந்தன.

இரண்டு மாதம் நான் பிடுங்கின ஆணி, நிமிர்த்தின ஆணி, அறுத்த பெல்ட் எல்லாம் கண் முன்னால் போகிறது. இவள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“எரியறத பாத்துக்கினு குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கியே! தண்ணி பக்கத்துலதான இருக்குது? எடுத்து ஊத்த மாட்டியா? ஒனக்கு கை இல்ல?” என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன். எழுதுகிற மாதிரி இல்லை.

அவள் குரலை உயர்த்தவில்லை.

“அண்டாவுல ரெண்டு சொம்பு மொண்டு ஊத்தனேன். அடங்கல, புகைதான் மூஞ்சில அடிச்சிது. கொடத்தோட ஊத்தணும். கொடம் தூக்கக் கூடாது.” என்னை நிமிர்ந்து பார்த்து, “நான் தூக்கலங்க” என்றாள். நல்ல சேதி சொல்கிற மாதிரி சொன்னாள்.

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிறகு மண்வெட்டி எடுத்துக் கனிந்த தூளைத் தள்ளிப் பரப்பி, மெல்லிசாக இழுத்துவிட்டு, நனைத்தேன். மேலாக ஊற்றினால் லிக்னைட் அடங்காது, கிளறிக் கிளறித்தான் ஊற்ற வேண்டும். எட்டு மணி நேரம் செய்த வேலையையே மறுபடி செய்தேன். இருட்டுவதற்குள் அணைந்தது. மிஞ்சினது கூண்டின் கருகின நாலு கால்களும் கம்பிவலையும்தான்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார். நைட் ஷிப்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர். அவர் மனைவி சந்தைக்குப் போயிருந்தார். “ஏம்மா, ஒரு கொரல் குடுத்திருந்தா நான் ஓடியாந்திருக்க மாட்டனா?” என்று அவளிடம் கேட்டார்.

“துண்டு தொங்கிச்சிண்ணே. கொட்டாய்தான எரியுது, வூடு இல்லியே” என்றாள்.

கைகால் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். எங்கள் கட்டில் மேல் ஆறு கோழிகளும் இருந்தன. தீப்பிடிப்பதற்கு முன்னாலேயே, புகை வரத் தொடங்கினதும், அவள் முறத்தில் நொய்யைக் குலுக்கிக்கொண்டே அவற்றை ஒவ்வொன்றாக வீட்டுக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தியிருக்கிறாள். விரிப்பு முழுக்கக் கரியும் எச்சமும். நாட்டுக்கோழி என் தலையணையில் உட்கார்ந்திருந்தது. நான் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தேன். முதல் தடவையும் இரண்டாம் தடவையும் இதே ஐந்தாம் மாதம் என்பது அப்போதுதான் எனக்குள் இறங்கியது. அவள் அந்தக் குடத்தைத் தூக்கியிருந்தால்? ஒரு குடத்தோடு நின்றிருக்குமா? நாலு, ஐந்து, பத்து என்று ஓடியிருப்பாள். நான் கத்தினதை நினைக்க உடம்பு கூசியது. அந்தக் கூண்டை அவளுக்காகத்தான் கட்டினேன். எரியும்போது அது எனக்கு அவளைவிடப் பெரிதாகிப் போயிருந்தது, ஒரு நிமிஷமாவது.

மன்னிப்புக் கேட்கவில்லை. ஆண்பிள்ளைகள் பெண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை, எனக்கு எப்படி என்று தெரியவில்லை. விரிப்பை எடுத்துப்போய் நானே துவைத்தேன். அவளும் மூன்று தடவை சொன்னேனே என்று அன்றைக்குச் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஐந்தாம் மாதம் கழிந்தது. ஆறும் கழிந்தது. கோழிகள் குளியலறையிலும் கவிழ்த்த கூடைக்குள்ளும் படுத்தன. முட்டை நிற்கவில்லை, அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவதும் நிற்கவில்லை. எரிந்த இடத்தை நான் தொடவே இல்லை. புதுக்கூண்டு எப்போது என்று கேட்டவர்களிடம் பார்க்கலாம் என்று சொல்லிவைத்தேன். ஆவணியில், பகல் வேளையில், பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் கொண்டுவந்து காட்டியபோது நான் முதலில் கேட்டது, உயிரோடு இருக்கிறதா என்றுதான். “இந்தக் கத்து கத்துது, தெரியலயா?” என்று அவர் கடிந்துகொண்டார்.

நாற்பது நாள் கழித்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டு அவள் கொல்லைப் பக்கம் வந்தாள். நான் அப்போதுதான் தண்ணீர் பிடித்து முடித்து, குழாயடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். “கொஞ்சம் புடிங்க” என்று குழந்தையை என் கையில் கொடுத்தாள். பிறகு குனிந்து ஒரு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். நான் வேண்டாம் என்று சொல்ல வருவதற்குள், கருகின நாலு கால்கள் நிற்கிற இடத்துக்கு நடந்து போய், நிதானமாக, கடைசிச் சொட்டு வரைக்கும் கவிழ்த்தாள். திரும்பி வந்து இரண்டாவது குடத்தை எடுத்துப் போய் அதையும் ஊற்றினாள். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஆறிப்போன சாம்பல். அதிலிருந்து ஒரு புகையும் எழவில்லை. கறுப்புத் தண்ணீர் மட்டும் ஓடி வந்து என் காலை நனைத்தது.

காலிக் குடங்களைக் குழாயடியில் வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“ஊத்திட்டேன்” என்றாள். “இப்ப புள்ளைய குடுங்க.”

கொடுத்தேன். பிறகு குழாயைத் திறந்து, குடத்தை அடியில் வைத்து, மறுபடி பிடிக்க ஆரம்பித்தேன்.